விலகும் கூட்டாளி

கூட்டு வியாபாரம் ஒருவரையொருவர் நம்பித் தொடங்குவது. நம்பிக்கை போன பிறகும் ஒருவரைக் கூட்டில் கட்டிவைப்பதால் யாருக்கும் பயனில்லை. அதே சமயம், சரக்கு பாதி வழியில் இருக்கும்போது ஒருவர் கையை உதறிவிட்டுப் போனால், மிஞ்சி நிற்பவரின் தலையில் கடன் விழுகிறது. கூட்டாளி விலகும் உரிமை பற்றிய சட்டம் இந்த இரண்டு உண்மைகளுக்கும் நடுவில்தான் வளர்ந்தது. போகலாமா என்பது ஒரு கேள்வி. போகிறவர் எதைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும், எதை எடுத்துக்கொண்டு போகக் கூடாது என்பது இன்னொரு கேள்வி. இரண்டையும் ஒன்றாகக் குழப்பாமல் தனித்தனியே கேட்கப் பழகியதுதான் இந்தச் சட்டம் அடைந்த பெரிய முதிர்ச்சி. அதற்கு ஈராயிரம் ஆண்டு பிடித்தது.

'பங்காளி' என்ற தமிழ்ச் சொல் இதன் வேர் எங்கே இருக்கிறது என்பதைக் காட்டுகிறது. ஊர்வழக்கில் பங்காளி என்றால் ஒரே வம்சத்தில் பிறந்து சொத்தில் பங்குடைய தாயாதி. வியாபாரத்தில் முதல் போட்டவரைக் கூட்டாளி, பங்குதாரர், பார்ட்னர் என்று சொல்வது வழக்கம். அண்ணன் தம்பி பாகம் பிரிப்பதும், கடையில் கணக்கு முடித்துப் பிரிவதும் 'பங்கு' என்ற ஒரே சொல்லின்கீழ் நிற்கின்றன. கூட்டுத் தொழில் பிறந்த இடம் குடும்பம் என்பதால் இது தற்செயலான ஒற்றுமை அல்ல.

இந்தியாவின் பழைய தர்மசாஸ்திரங்கள் வழக்குகளைப் பதினெட்டுத் தலைப்புகளாகப் பிரித்தன. அவற்றில் ஒன்று 'சம்பூய சமுத்தானம்', அதாவது பலர் சேர்ந்து ஒரு காரியத்தில் இறங்குதல். வணிகர், உழவர், கைவினைஞர் ஆகியோரோடு, ஒரு வேள்வியைச் சேர்ந்து நடத்தித் தட்சிணையைப் பங்கிட்டுக்கொள்ளும் புரோகிதர்களும் இதே தலைப்பின்கீழ் வந்தார்கள். வேள்வியும் ஒரு கூட்டு வேலைதான். பாதியில் ஒருவர் எழுந்து போனால் நிற்கும். வேள்வி நின்றால் என்ன ஆகும் என்பதிலிருந்து யோசிக்கத் தொடங்கிய சட்டம், விலகுகிறவரிடம் கண்டிப்பு காட்டியதில் வியப்பில்லை.

அந்தக் கண்டிப்பு மிகத் தெளிவாகத் தெரிவது அர்த்தசாஸ்திரத்தில். அந்த நூலின் சுவடி ஒன்றை, தஞ்சாவூர்ப் பகுதியைச் சேர்ந்த பண்டிதர் ஒருவர் மைசூர் கீழ்த்திசை நூலகத்துக்குக் கொடுத்தார். நூலகராக இருந்த ஆர். சாமசாஸ்திரி 1905-ல் அது என்ன என்று கண்டுகொண்டு, 1909-ல் மூலத்தை அச்சிட்டார். அதன் மூன்றாம் அதிகாரம் பதினான்காம் பகுதியில், சேர்ந்து தொழில் செய்வோரைப் பற்றிய விதிகள் வருகின்றன. விதைப்புக்கும் அறுவடைக்கும் இடையிலோ, கொள்முதலுக்கும் விற்பனைக்கும் இடையிலோ ஒருவன் முடியாமல் உட்கார்ந்துவிட்டால், அதுவரை செய்த வேலைக்குரிய பங்கை அவனுக்குக் கொடுக்க வேண்டும். தனக்குப் பதில் ஓர் ஆளை நிறுத்தினால் முழுப் பங்கும் உண்டு. சரக்கு ஏற்கெனவே புறப்பட்டுப் போயிருந்தால் அவன் பங்கை அப்போதே கொடுத்துவிட வேண்டும். காரணத்தையும் நூல் சொல்கிறது: வழியில் நேரும் ஆதாயமும் நட்டமும் எல்லாருக்கும் பொது. அடுத்து வருவது, உடம்பு நன்றாக இருந்தும் வேலை தொடங்கிய பிறகு விலகுகிறவனுக்குப் பன்னிரண்டு பணம் தண்டம். அதோடு விடாமல், விலகுவதில் தன்னிச்சை கிடையாது என்று தனியாக ஒரு சூத்திரமும் வைத்திருக்கிறது.

இங்கே நோயாளியும் ஏமாற்றுக்காரனும் ஒரே தராசில் நிறுக்கப்படவில்லை. முடியாமல் நின்றவனுக்குப் பங்கு. முடிந்தும் போனவனுக்குத் தண்டம். யாக்ஞவல்கிய ஸ்மிருதியும் இதை ஒட்டியே பேசுகிறது. கோணல் புத்திக்காரனை ஆதாயம் கொடுக்காமல் விலக்கிவிடலாம், இயலாதவன் தன் வேலையை வேறொருவரைக் கொண்டு செய்விக்கலாம் என்பது அதன் விதி. ஆபத்தில் சரக்கைக் காப்பாற்றிய கூட்டாளிக்குப் பத்தில் ஒரு பங்கு தனியே உண்டு என்றும் அது சொல்கிறது. கூடவே நிற்பவனுக்குச் சன்மானமும் விட்டுப் போகிறவனுக்குத் தண்டமுமாக அமைந்த சட்டம் இது.

ரோமானியச் சட்டம் எதிர்த்திசையில் போனது. அங்கும் தொடக்கம் குடும்பம்தான். தகப்பன் இறந்த பிறகு சொத்தைப் பிரிக்காமல் பிள்ளைகள் சேர்ந்து ஆண்டுவந்த முறையே மிகப் பழைய கூட்டு என்று சட்ட அறிஞர் காயுஸ் எழுதியிருக்கிறார். அந்தப் பகுதி வெகுகாலம் கிடைக்காமலே இருந்தது. காயுஸ் கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் எழுதிய பாடநூலின் ஏட்டை, 1816-ல் வெரோனா நகரத்துத் தேவாலய நூலகத்தில் நீபூர் என்ற ஜெர்மானிய வரலாற்றாசிரியர் கண்டார். பழைய எழுத்தைச் சுரண்டிவிட்டு அதே தோலின்மேல் புனித ஜெரோமின் கடிதங்களை யாரோ எழுதியிருந்தார்கள். அந்தப் பிரதியிலும் விடுபட்டிருந்த சகோதரக் கூட்டைப் பற்றிய வரிகள், எகிப்தில் கிடைத்த துண்டுகளிலிருந்து 1933-ல் வெளியாயின. தமிழ்நாட்டுப் பாகப்பிரிவினை வழக்குகளைப் பார்த்தவர்களுக்கு அந்த வரிகள் அந்நியமாகத் தோன்றமாட்டா.

சகோதரர் அல்லாத வெளியாட்களும் சேரத் தொடங்கியபோது, கூட்டு என்பது சம்மதத்தால் மட்டுமே உண்டாகும் ஒப்பந்தம் என்று ரோமானியர் வகுத்தார்கள். எழுத்து வேண்டாம், சடங்கு வேண்டாம்; மனம் ஒத்தால் போதும். அதிலிருந்து அவர்கள் எடுத்த முடிவு துணிச்சலானது. மனம் ஒத்திருக்கும்வரைதான் கூட்டு. ஒருவர் 'எனக்கு வேண்டாம்' என்று சொன்ன கணத்தில் அது முடிந்தது. காலத்துக்கும் கட்டுப்படுத்தும் கூட்டு செல்லாது என்று பின்னால் வந்த பவுலுஸ் ஒரே வரியில் முடித்துவிட்டார். அர்த்தசாஸ்திரம் இல்லை என்று சொன்ன தன்னிச்சையை ரோம் முழுதாகக் கொடுத்தது.

கொடுத்த கையோடு அடுத்த கேள்வியையும் கேட்டது. காயுஸ் ஓர் உதாரணம் சொல்கிறார். இருவர் தங்களுக்கு இருப்பது, இனி வரப்போவது எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டு வைத்திருக்கிறார்கள். ஒருவருக்கு யாரோ உயில் எழுதிவைத்து இறந்துபோகிறார். அந்தச் சொத்தைக் கூட்டாளியோடு பங்கிட மனமில்லாமல், அதை வாங்கிக்கொள்வதற்கு முன்னால் அவர் கூட்டை முறிக்கிறார். கூட்டு முறிந்தது உண்மை. ஆனால் அந்த உயில் சொத்தை மட்டும் பங்கிட்டே ஆக வேண்டும். முறித்த பிறகு அவர் குறிவைக்காத வேறு ஏதாவது வந்தால் அது அவருக்கே. மற்றவர் அதன்பின் சம்பாதிப்பது முழுக்க அந்த மற்றவருக்கு. அதில் முறித்தவருக்குத் துளியும் இல்லை. போவதைத் தடுக்கவில்லை. எதற்காகப் போனாரோ அந்த ஆதாயத்தை மட்டும் கைக்கு எட்டாமல் வைத்துவிட்டது. இவ்வளவு சின்ன உதாரணத்தில் இவ்வளவு நியாயத்தை அடக்கியது சட்ட வரலாற்றில் அபூர்வம்.

காயுசுக்கு முந்திய நூற்றாண்டைச் சேர்ந்த காசியுஸ் இதை ஒரு சூத்திரமாகவே ஆக்கியிருந்தார். வஞ்சகமாக விலகுகிறவன் தன் கூட்டாளியைத் தன்னிடமிருந்து விடுவிக்கிறான். தன்னைக் கூட்டாளியிடமிருந்து விடுவித்துக்கொள்வதில்லை. அதன்படி அவன் அடைந்த இலாபத்தில் மற்றவருக்குப் பங்கு உண்டு, நட்டம் வந்தால் அவன் தோளில். மற்றவர் அடைந்த இலாபத்திலோ அவனுக்கு உரிமை இல்லை. கெடு குறித்துச் சேர்ந்த கூட்டிலிருந்து கெடுவுக்கு முன் போகிறவனுக்கும் இதே விதிதான்.

வஞ்சகம் இல்லாமலே கூட ஒருவர் போகும் நேரம் தவறாக இருக்கலாம். அகஸ்டஸ் காலத்து லபேயோ காட்டும் உதாரணம் அந்த உலகத்தின் கொடுமையையும் சேர்த்தே காட்டுகிறது. விற்பதற்காகச் சேர்ந்து அடிமைகளை வாங்கியிருக்கிறார்கள். விலை படியாத நேரம் பார்த்து ஒருவர் முறித்துக்கொண்டால், அவசரத்தில் விற்று நட்டப்பட நேரும். அந்த நட்டத்துக்கு முறித்தவர் ஈடு செய்ய வேண்டும். அதே சமயம் கெடுவுக்கு முன் போவதெல்லாம் குற்றம் என்றும் அவர்கள் சொல்லவில்லை. எதை நம்பிச் சேர்ந்தாரோ அந்த நிபந்தனை நிறைவேறவில்லை, அல்லது கூட்டாளி சகிக்க முடியாதபடி கெடுதல் செய்கிறவன் என்றால் கெடுவுக்கு முன்னரும் போகலாம் என்று உல்பியான் இடம் வைத்தார். கூட்டில் ஒருவகைச் சகோதர உரிமை இருக்கிறது என்று சொன்னவரும் அவர்தான். கூட்டாளி வழக்கில் தோற்றவர் பணத்தோடு மானத்தையும் இழந்தார். 'இன்ஃபாமியா' என்ற அவப்பெயர் ஒட்டிக்கொண்டு, பொதுவாழ்வின் சில உரிமைகளே போய்விடும்.

இந்த விதிகள் 533-ல் ஜஸ்டினியன் வெளியிட்ட தொகுப்பில் ஏறி ஐரோப்பா முழுவதும் பரவின. இடைக்கால இத்தாலிய வணிகர்கள் கூட்டுப் பத்திரத்திலேயே சில ஆண்டுக் கெடு போட்டு, கெடு முடிந்ததும் கணக்குப் பார்த்துப் புதுப்பிப்பதை வழக்கமாக்கினார்கள். 1804-ஆம் ஆண்டு பிரெஞ்சுச் சிவில் சட்டம் ரோமானிய விதியை ஏறக்குறைய அப்படியே எடுத்துக்கொண்டது. கெடு இல்லாத கூட்டை ஒருவர் விருப்பப்படி முறிக்கலாம். ஆனால் நல்ல எண்ணத்தோடு முறிக்க வேண்டும், தகாத நேரத்தில் முறிக்கக் கூடாது. எல்லாருக்கும் சேர வேண்டிய இலாபத்தைத் தனக்கே ஆக்கிக்கொள்ள முறிப்பது நல்ல எண்ணம் ஆகாது என்று விளக்கமும் கொடுத்தது. காயுசின் உயில் உதாரணம் இங்கே பொதுவிதி ஆகிவிட்டது. பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்கும் காரைக்காலுக்கும் இந்தச் சட்டம் வந்து சேர்ந்தது.

இங்கிலாந்து வழக்குத் தீர்ப்புகளின் வழியாக அதே இடத்துக்கு வந்தது. கெடு குறிக்காத கூட்டை எந்தக் கணத்திலும் அறிவிப்புக் கொடுத்து முடிக்கலாம் என்பது 1809-ல் எல்டன் பிரபு காலத்தில் உறுதியானது. அடுத்த ஆண்டே அதன் எல்லையைக் காட்டும் வழக்கு ஒன்று வந்தது. ஒரு கண்ணாடித் தொழிற்சாலை. கட்டடத்துக்குக் குத்தகை முடியப்போகிறது. கூட்டாளிகளில் சிலர், மற்றவருக்குத் தெரியாமல் தங்கள் பெயரில் குத்தகையைப் புதுப்பித்துக்கொண்டு, பிறகு கூட்டு முடிந்தது என்று அறிவிப்புக் கொடுத்தார்கள். உலை எரியும் இடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, சரக்கையும் சாமானையும் மதிப்புப் போட்ட விலைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்பது அவர்கள் எண்ணம். நீதிபதி சர் வில்லியம் கிரான்ட் அறிவிப்பைச் செல்லும் என்றார். குத்தகையோ கூட்டுக்கே சொந்தம் என்று தீர்த்து, விலைக்கு எடுத்துக்கொள்ளும் திட்டத்தையும் மறுத்தார். விலகல் செல்லும், விலகலின் கொள்ளை செல்லாது. காயுஸ் எழுதிய ஏடு வெரோனாவில் கண்டெடுக்கப்படுவதற்கு ஆறு ஆண்டு முன்னதாகவே, லண்டன் நீதிமன்றத்தில் அதே நியாயம் பேசப்பட்டிருக்கிறது.

1890-ல் இந்தத் தீர்ப்புகள் திரண்டு கூட்டாண்மைச் சட்டமாயின. அதன் வரைவு சர் ஃபிரெடரிக் பொல்லாக்குடையது. கெடு இல்லாக் கூட்டில் எப்போது வேண்டுமானாலும் அறிவிப்புக் கொடுக்கலாம். விலகியதை 'லண்டன் கெசட்'டில் விளம்பரம் செய்தால், முன்பு வரவு செலவு இல்லாத புதியவர்களுக்கு அதுவே அறிவிப்பு. பழைய வாடிக்கையாளருக்குத் தனியே சொல்லியாக வேண்டும். இலங்கையில் பொதுச் சட்டம் ரோமன்-டச்சு என்றாலும், 1866-ஆம் ஆண்டின் 22-ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் கூட்டு வியாபாரத்துக்கு ஆங்கிலேயச் சட்டத்தையே பொருத்தியது. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் கடை வைத்த தமிழ் வணிகர்கள் பிரிந்தபோது அளவுகோலாக நின்றது அதுதான்.

'தவறான விலகல்' என்பதற்குத் தனிப் பெயரும் தனித் தண்டனையும் வைத்தது அமெரிக்கா. வில்லியம் டிரேப்பர் லூயிஸ் முடித்துக்கொடுத்த 1914-ஆம் ஆண்டு மாதிரிச் சட்டம், எந்தக் கூட்டாளியும் எப்போதும் கூட்டைக் கலைக்கும் வலிமை உடையவர், ஆனால் ஒப்பந்தத்துக்கு மாறாகக் கலைக்கும் உரிமை அவருக்கு இல்லை என்று பிரித்தது. கெடுவுக்கு முன் கலைத்தவர் நட்ட ஈடு கொடுக்க வேண்டும். மற்றவர்கள் பிணை கொடுத்துவிட்டுத் தொழிலைத் தொடரலாம். கலைத்தவரின் பங்கை மதிப்பிடும்போது வியாபாரத்தின் நற்பெயருக்கு உரிய மதிப்பைச் சேர்க்கக் கூடாது. இந்தக் கடைசி விதியே எல்லாவற்றிலும் வலிக்கும் விதி. பல தொழில்களில் தட்டுமுட்டுச் சாமானை விட நற்பெயருக்குத்தான் விலை.

1961-ல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றத்துக்கு வந்த வழக்கு இதைக் கிட்டத்தில் காட்டுகிறது. சான்டா மரியா என்ற ஊரில் இருவர் தலைக்கு 43,000 டாலர் அளவில் முதல் போட்டு, விடுதி, உணவகம் போன்ற இடங்களுக்குத் துணி சலவை செய்து வாடகைக்குக் கொடுக்கும் தொழிலை 1949-ல் தொடங்கினார்கள். வாய்வழி ஒப்பந்தம்தான். 1957 வரை 62,000 டாலர் நட்டம். பக்கத்தில் வான்படைத் தளம் ஒன்று அமைந்ததும் 1958-ல் நிலைமை தேறியது. அந்த நேரம் பார்த்து ஒருவர் கூட்டை முடித்துக்கொள்ள அனுமதி கேட்டார். கூட்டுக்குப் பெரிய அளவில் கடன் கொடுத்திருந்ததும் அவருக்கே சொந்தமான ஒரு நிறுவனம்தான். போட்ட முதல் திரும்பும்வரை கூட்டு நீடிக்கும் என்று ஒப்பந்தம் இருந்ததாகக் கொள்ள முடியாது, ஆகவே இது கெடு இல்லாத விருப்பக் கூட்டு, முடிக்கலாம் என்றார் நீதிபதி ரோஜர் டிரேய்னர். ஆனால் செழிக்கப்போகும் தொழிலைத் தனக்கே ஆக்கிக்கொள்ள, மற்றவருக்கு ஈடு கொடுக்காமல் முடித்தால் அது நம்பிக்கை மீறல். அப்போது அந்த விலகல் தவறானது என்றும் சேர்த்துச் சொன்னார். உயில் சொத்து இருந்த இடத்தில் வான்படைத் தளம் வந்திருக்கிறது, அவ்வளவே வேற்றுமை.

1990-களில் திருத்தப்பட்ட அமெரிக்க மாதிரிச் சட்டம், ஒருவர் விலகினாலே கூட்டு கலைந்துவிடும் என்ற பழைய எண்ணத்தைக் கைவிட்டது. விலகியவரின் பங்கை மற்றவர்கள் விலைக்கு வாங்கிக்கொண்டு தொழிலை நடத்தலாம். தவறாக விலகியவர் நட்ட ஈட்டைக் கழித்துக்கொண்டு மீதியை வாங்க வேண்டும். அதையும் பொதுவாக ஒப்பந்தக் கெடு முடிந்த பிறகே கேட்க முடியும்.

இந்தியாவில் 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் பதினோராம் அத்தியாயம்தான் கூட்டு வியாபாரத்துக்குத் தொடக்ககால எழுத்துச் சட்டம். கெடு இல்லையேல் எப்போதும் விலகலாம், கெடு இருந்தால் எல்லாருடைய சம்மதமும் வேண்டும் என்ற அளவில் அது நின்றது. கூட்டாளியின் பொறுப்பு எவ்வளவு பாரமானது என்பதைச் சென்னை நகரம் 1906 அக்டோபர் 22-ல் நேரில் பார்த்தது. அன்று முறிந்த, வங்கித் தொழில் நடத்திய அர்பத்நாட் கம்பெனி, பங்கு மூலதனக் கம்பெனி அல்ல. கூட்டாளிகளின் சொந்தச் சொத்தே ஈடாக நின்ற கூட்டு நிறுவனம். பணம் போட்டவர்களின் முதல் கேள்வி, கூட்டாளிகள் யார் யார் என்பதாகத்தான் இருக்க முடியும். லண்டன் கிளையை நடத்திய கூட்டாளி ரயில் முன் பாய்ந்து இறந்தார். சர் ஜார்ஜ் அர்பத்நாட் சிறை சென்றார். கூட்டாளி என்ற பெயர் ஊரறிய இருக்கும்வரை கடனும் கூடவே இருக்கும் என்பதற்கு இதைவிடக் கடுமையான பாடம் வேண்டியதில்லை.

பின்னர் தனிச் சட்டம் தேவை என்று அமைக்கப்பட்ட குழுவில் சர் பிரஜேந்திரலால் மித்தர், சர் தின்ஷா முல்லா ஆகியோருடன் சென்னையின் அல்லாடி கிருஷ்ணசாமி அய்யரும் இருந்தார். அவர்கள் வரைவிலிருந்து வந்த இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் 1932 அக்டோபர் 1-ல் நடைமுறைக்கு வந்தது. அதன் 32-ஆம் பிரிவு விலக மூன்று வழிகளைத் திறக்கிறது: மற்ற எல்லாரும் சம்மதித்தால் விலகலாம், பத்திரத்தில் வழி சொல்லியிருந்தால் அதன்படி விலகலாம், விருப்பக் கூட்டானால் மற்ற எல்லாருக்கும் எழுத்தில் அறிவிப்புக் கொடுத்து விலகலாம். விருப்பக் கூட்டில் விலகாமல் கூட்டையே கலைத்துவிடவும் 43-ஆம் பிரிவு இடம் தருகிறது. விலகினால் கடை நடக்கும், கலைத்தால் கடை நிற்கும். அறிவிப்பில் எழுதும் ஒரு சொல்லில் இருக்கிறது இந்த வேறுபாடு. இரண்டே பேர் உள்ள கூட்டில் மட்டும் இந்த வேறுபாட்டுக்கு இடமில்லை. ஒருவர் போனால் எஞ்சுவது தனி ஆள். ஆகவே அது கலைப்பே என்று உச்ச நீதிமன்றம் 1970-ல் சொல்லிவிட்டது.

ஒரு கூட்டு விருப்பக் கூட்டா, இல்லையா என்பதில்தான் பெரும்பாலான சண்டை. பத்திரத்தில் ஆண்டுக் கணக்கு எழுதாவிட்டால் விருப்பக் கூட்டுதானே என்று பலர் நினைக்கிறார்கள். சேலத்து நூற்பாலை ஒன்றின் நிர்வாக ஏஜென்சியை இருவர் முறைவைத்து நடத்த ஒப்புக்கொண்டிருந்த வழக்கில், 1961-ல் உச்ச நீதிமன்றம் அப்படி இல்லை என்று விளக்கியது. கெடுவை எழுத்தில் குறிக்காவிட்டாலும், மாறி மாறி நிர்வகிப்பது என்ற ஏற்பாட்டிலேயே கூட்டு எதுவரை நிற்க வேண்டும் என்ற எண்ணம் தெரிகிறது; எனவே அது விருப்பக் கூட்டு ஆகாது. பத்திரத்தின் சொற்களை மட்டும் எண்ணாமல் அதன் போக்கையும் பார்த்த நல்ல தீர்ப்பு இது.

அமெரிக்கச் சட்டத்தில் இருப்பதுபோல் 'தவறான விலகல்' என்று ஒரு பிரிவு இந்தியச் சட்டத்தில் கிடையாது. கெடு உள்ள கூட்டிலிருந்து சம்மதமில்லாமல் ஒருவர் கடைப் பக்கம் வராமல் நின்றுவிட்டால், சட்டத்தின் கண்ணில் அவர் விலகவே இல்லை. கூட்டாளியாகவே இருக்கிறார், கடனுக்கும் பொறுப்பாகிறார். வேண்டுமென்றே கடமையைக் கைவிட்டதால் வந்த நட்டத்தை 13-ஆம் பிரிவின்படி ஈடு செய்ய வேண்டும். மற்றவர்கள் 44-ஆம் பிரிவின்கீழ் நீதிமன்றத்துக்குப் போய்க் கூட்டைக் கலைக்கச் சொல்லலாம். விலகத் தவிக்கிறவருக்கும் அதே வாசல்தான்: கூட்டாளியின் நடத்தை கெட்டது, ஒப்பந்தத்தை அடிக்கடி மீறுகிறார், தொழில் நட்டத்தில் மட்டுமே நடக்கும் என்பவை நீதிமன்றம் ஏற்கும் காரணங்களில் சில. உல்பியான் திறந்துவைத்த சிறு கதவு இங்கே நீதிபதியின் கையில் இருக்கிறது. வழக்கு முடியும்வரை கூட்டு தொங்கிக்கொண்டே இருப்பது இந்த முறையின் பெரிய குறை; பங்கை மதிப்பிட்டுக் கொடுத்து அனுப்பும் வழி, நேர்மையான சிறு வியாபாரிகளின் பல ஆண்டுகளை மிச்சப்படுத்தும்.

போகிறவரை வெளியுலகம் விடுவிப்பது அறிவிப்பால்தான். பொது அறிவிப்புக் கொடுக்கும்வரை அவர் கூட்டாளியாகவே கருதப்படுவார். பதிவு செய்த நிறுவனமானால் பதிவாளருக்கும், அரசிதழிலும், தொழில் நடக்கும் மாவட்டத்தில் வழங்கும் வட்டார மொழிப் பத்திரிகை ஒன்றிலாவதும் அறிவிக்க வேண்டும் என்கிறது 72-ஆம் பிரிவு. சட்டம் வந்தபோது சென்னை மாகாணத்தின் அரசிதழ் 'செயின்ட் ஜார்ஜ் கோட்டை கெசட்'. அதைச் சந்தைக்கடைக்காரர் படிக்கமாட்டார். தமிழ்ப் பத்திரிகையைப் படிப்பார் என்று சட்டத்தை எழுதியவர்கள் உணர்ந்திருந்தார்கள். நாளிதழின் உள்பக்கத்தில் இன்றும் வரும் சின்னக் கட்டம் அதன் விளைவு: இன்ன தேதியிலிருந்து இன்னார் கூட்டிலிருந்து விலகிக்கொண்டார், இனி அவருக்கும் நிறுவனத்துக்கும் சம்பந்தமில்லை, வரவு செலவுக்கு மற்றவர்களே பொறுப்பு. அந்த நாலு வரிக்குக் கொடுக்கும் கட்டணத்தை மிச்சம் பிடித்துவிட்டு, பின்னால் தான் வாங்காத கடனுக்குப் பதில் சொல்ல நேர்வதுண்டு. வெளியே பெயர் தெரியாமல் முதல் மட்டும் போட்டிருந்தவருக்கு ஒரு சலுகை இருக்கிறது: அவர் கூட்டாளி என்றே அறியாமல் வரவு செலவு வைத்தவர் அவரைத் தொட முடியாது.

விலகியவர் எதிர்க்கடை போடலாம், விளம்பரமும் செய்யலாம். பழைய பெயரைப் பயன்படுத்தக் கூடாது, அந்தக் கடையின் ஆளாகவே காட்டிக்கொள்ளக் கூடாது, அதன் வாடிக்கையாளரைத் தேடிப் போய் அழைக்கக் கூடாது. இன்ன எல்லைக்குள், இன்ன காலம்வரை இதே தொழில் செய்யமாட்டேன் என்று ஒப்புக்கொண்டிருந்தால், அது நியாயமான அளவில் இருக்கும்வரை செல்லும். தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்ற பொதுவிதிக்கு இது விலக்கு. கணக்கு முடிக்காமல் மற்றவர்கள் அவருடைய பங்கையும் வைத்துக்கொண்டு தொழில் நடத்தினால், அந்தப் பங்கால் வந்த இலாபத்தையோ ஆண்டுக்கு 6 சதவீத வட்டியையோ, எது வேண்டுமோ அதை அவர் கேட்கலாம். ஆங்கிலேயச் சட்டத்தில் இது 5 சதவீதம். பங்கைக் கொடுக்காமல் இழுத்தடிப்பவர்களுக்கு எதிராக 37-ஆம் பிரிவு நீட்டும் கோல் இது. பதிவு செய்யாத நிறுவனத்தின் கூட்டாளி மற்ற எதற்கும் வழக்குப் போட முடியாமல் தவித்தாலும், கூட்டைக் கலைக்கவும் கலைந்த கூட்டின் கணக்கைக் கேட்கவும் 69-ஆம் பிரிவு தடை சொல்வதில்லை.

போகிறவர் கையெழுத்துப் போடும் காகிதம் எப்படிப்பட்டது என்பதும் ஒரு வழக்கில் தீர்ந்தது. ஆந்திரப் பகுதியில் இரண்டு குடும்பங்கள் சேர்ந்து நெல் குத்தும் தொழிலும் நிலக்கடலை உடைக்கும் தொழிலும் நடத்தின. ஒரு தரப்பு, இயந்திரத்திலும் தொழிலிலும் தங்களுக்கு இருந்த பங்கை விட்டுவிட்டதாக எழுதிக்கொடுத்தது. கூட்டுக்கு நிலமும் கட்டடமும் இருந்ததால், பதிவு செய்யாத அந்தக் காகிதம் செல்லாது என்று பின்னர் வாதம் எழுந்தது. 1966-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. கூட்டாளிக்கு உரியது கடன் கழிந்த பின் எஞ்சும் பணத்தில் ஒரு பங்கே தவிர, இன்ன நிலத்தில் இத்தனை அடி என்பது அல்ல. எனவே அது அசையும் சொத்து. விட்டுக்கொடுக்கப் பதிவு தேவையில்லை. அண்ணன் தம்பி பாகப்பிரிவினையிலிருந்து கூட்டாளி பிரிவது எந்த இடத்தில் வேறுபடுகிறது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொன்ன தீர்ப்பு இல்லை.

2008-ஆம் ஆண்டின் வரையறுத்த பொறுப்புக் கூட்டாண்மைச் சட்டம், 2009 மார்ச் 31 முதல் விலகலை எளிதாக்கியது. அதில் நிறுவனம் தனி நபர். ஒருவர் போனாலும் அது நிற்கும். ஒப்பந்தத்தில் வழி இல்லாவிட்டால் 30 நாளுக்குக் குறையாத எழுத்து அறிவிப்புக் கொடுத்து எந்தக் கூட்டாளியும் விலகலாம். போட்ட முதலும், சேர்ந்திருக்கும் இலாபத்தில் பங்கும், நட்டத்தைக் கழித்துக்கொண்டு அவருக்குச் சேர வேண்டும். அதன்பிறகும், வரவு செலவு வைத்தவருக்கோ பதிவாளருக்கோ தெரிவிக்கும்வரை வெளியாட்களின் கணக்கில் அவர் கூட்டாளிதான். நிறுவனம் தெரிவிக்காமல் விட்டுவிடும் என்று விலகியவர் அஞ்சினால், பதிவாளருக்கு அவரே நேராகப் படிவம் தாக்கல் செய்துகொள்ளலாம்.